செத்தவீட்டு ஐயாவின் மோட்டார் சைக்கிள்

“2010 டிசெம்பர் 20, திங்கள். வீதியில் பனி அப்படியே கிடக்கிறது. பாதித் தூரம் ரயில், மிச்சம் நடை. தகனசாலைக்கு எல்லாருக்கும் முதல் வந்து நின்றவர் ஐயா. மோட்டார் சைக்கிளில்!”

என் நாட்குறிப்பில் அன்றைய பக்கத்தில் இவ்வளவுதான் இருக்கிறது. ஆச்சரியக்குறி போடும் பழக்கம் எனக்கில்லை. கறுத்தக் கோட்டுகளோடு நாங்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, வழுக்கி வழுக்கி வாசலுக்குள் நுழைந்தபோது, அவர் சுவரோரம் நின்று சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். காலுறைக்கு மேலே, பாண் சுற்றி வருகிற பிளாஸ்டிக் பைகளை இழுத்துக் கட்டியிருந்தார். அவற்றை உரித்து மடித்துத் தலைக்கவசத்துக்குள் வைத்தார். மழைக் காற்சட்டையைக் கழற்றியதும் உள்ளேயிருந்து வெள்ளை வேட்டி கீழே இறங்கியது. நெஞ்சுக்குள் கையை விட்டு, மடித்து வைத்திருந்த இலவசத் தமிழ்ப் பத்திரிகையை எடுத்தார்.

“ரெண்டு பக்கம் மரண அறிவித்தல் இருந்தாக் காணும். காத்து உள்ளை வராது” என்றார்.

“என்ன ஐயா, இந்த ஸ்னோவுக்கையும் மோட்டார் சைக்கிளே?”

“பின்னை? பஸ்ஸிலை வந்தா, என்னைக் கண்ட ஆக்கள் வேலைக்குப் போகாமல் வீட்டை திரும்பிப் போவினம். பிறகு உங்கடை லண்டனை ஆர் நடத்திறது?”

எங்கள் ஊர்ச் சங்கத்தில் யாராவது இறந்தால் மண்டபம், ஐயா, அறிவித்தல் மூன்றையும் ஒழுங்குசெய்வது பல வருடங்களாக என் பொறுப்பு. எழுபதைத் தாண்டியும் அது என்னை விடவில்லை. விடியற்காலையில் தொலைபேசி அடித்தால், பேனையைக் கையில் எடுத்துக்கொண்டுதான் “ஹலோ” சொல்கிறேன். ஒருகாலத்தில் பிறந்தநாள், பரீட்சை நாள், வீசா கிடைத்த நாள் என்று எல்லாவற்றையும் குறித்தவன். இப்போது என் குறிப்புகளில் பெரும்பாலும் இறந்த திகதிகள்தான். அவற்றைப் புரட்டும்போது, பாதிப் பக்கங்களில் இந்த மனிதர் வந்து நிற்கிறார். அவருடைய பெயரை நான் எழுதவில்லை. டூட்டிங்கிலும் ஈஸ்ட்ஹாமிலும் ‘செத்தவீட்டு ஐயா’ என்றால் போதும், எல்லாருக்கும் தெரியும். தெரியாதவர்போல் முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் எல்லாருக்கும் தெரியும்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் கோயிலில் பூசை செய்கிற ஐயர் வேறு. மரணக் கிரியை செய்கிற ஐயா வேறு. ஒருவரைக் காலையில் கண்டால் நல்லது. மற்றவரைக் கண்டால் அன்றைய முழுவியளம் பிழைத்துவிட்டது என்பார்கள். முழுவியளம் என்பது வெளியே புறப்படும்போது முதலில் கண்ணில் படுவது. கறுப்புப் பூனை, வெறுங்குடம், விறகுக் கட்டு என்று நீளும் அந்த வரிசையில் இவரும் இருந்தார். லண்டனில் வெறுங்குடமும் இல்லை, விறகுக் கட்டும் இல்லை. அதனால் முழுப் பாரமும் இவர் தலையில் விழுந்தது.

என்னுடைய அக்கா ஒருநாள் ஆஸ்பத்திரியில் கண் பரிசோதனைக்காகப் புறப்பட்டு, டூட்டிங் பிரதான தெருவில் இவர் வெண்டிக்காய் பொறுக்கிக்கொண்டு நிற்பதைக் கண்டுவிட்டு, அப்படியே வீட்டுக்குத் திரும்பிவிட்டார். அடுத்த பரிசோதனை நாள் கிடைக்கப் பல மாதம் சென்றது. “கண் போனாலும் பறவாயில்லை, உந்த முகத்திலை முழிச்சுப் போகேலாது” என்றார். கண்ணைக் காட்டப் போனவர் சொன்ன கதை இது.

ஐயாவிடம் இருந்த ஒரு குணத்தைச் சொல்லத்தான் இவ்வளவும். அவர் யாருடைய காரிலும் ஏறமாட்டார். நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். பனி கொட்டும் நாளில், “ஐயா, பெடியனைக் கார் கொண்டு வரச் சொல்லுறன், வாசலிலை நில்லுங்கோ” என்றால், “வேண்டாம், நான் வெறும் வயித்தோடை வாறன். வழுக்கினாலும் பாரமில்லை” என்பார். ஆசாரம் என்றார்கள் சிலர். பிடிவாதம் என்றார்கள் வேறு சிலர். எனக்கு இரண்டுமே சரியாகப் படவில்லை. மற்றவர்களின் காரில் வெள்ளிக்கிழமை கோயிலுக்குக் கொண்டுபோகும் பூச்சரை இருக்கும், அடுத்தநாள் அதே காரில் பிள்ளை பரீட்சைக்குப் போகும். அந்த இருக்கையில் தான் உட்கார்ந்திருந்ததை யாராவது நினைப்பார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

மோட்டார் சைக்கிளுக்கு இன்னொரு வசதி இருந்தது. ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு செத்தவீடு முடிந்து, படியில் நின்று தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டே அவர் அதைச் சொன்னார். முன் கண்ணாடியை இறக்கிவிட்டு, உள்ளேயிருந்து மூடிய குரலில்:

“இப்ப நான் ஆர்?”

“ஆர் ஐயா?”

“பீசா குடுக்கிறவன். ஒருத்தருக்கும் முழுவியளம் பிழைக்காது.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பில் கண்ணாடியில் ஆவி படிந்து முகம் மறைந்தது.

இந்த ஏற்பாட்டில் ஒரே ஒரு சிக்கல் பெற்றோல் அடிக்கும் செட். தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வரவும் என்று எல்லாச் செட்டிலும் எழுதிப் போட்டிருக்கும். உள்ளே காசு வாங்க நிற்பவரோ பெரும்பாலும் எங்களுடைய ஆள். அதிகாலை ஷிப்டுக்கு வந்து கதவு திறக்கிற பெடியன், முதல் வாடிக்கையாளராக இவரைக் கண்டால் என்ன ஆவான்? அதனால் பஞ்சாபிக்காரர் நிற்கும் ஒரு செட்டைத் தேடிப் பிடித்து, அதற்காகவே சுற்றுப்பாதையில் போவார். “அவர் என்னைக் கண்டா, குட்மோர்னிங் அங்கிள் எண்டுறார். வலு சந்தோசமான மனிசன்” என்றார்.

பனியில் வண்டி ஓட்ட அவர் பழகியது நோர்வேயின் வடகோடியில். அகதியாகப் போய், மீன் வெட்டும் தொழிற்சாலையில் வேலை செய்திருக்கிறார். ஏன் அங்கேயே இருக்கவில்லை என்று கேட்டேன்.

“அங்கை எங்கடை ஆக்கள் எல்லாம் இளந்தாரியள். ஒருத்தனும் சாகிறானில்லை. எனக்குத் தொழில் மறந்துபோகும்போலை கிடந்தது. அதுதான் இஞ்சாலை வந்தனான்.”

அவர் ஓட்டுவதைப் பார்த்தால் பார்க்கிறவருக்குக் களைப்பு வரும். இரண்டாவது கியருக்கு மேல் போவதில்லை. கார்கள் ஓடி ஓடி இறுகிப் பளபளத்த தடத்தில் ஏறாமல், ஓரத்தில் கிடக்கும் புதுப் பனியிலேயே ஓடுவார். இரண்டு கால்களையும் கீழே தொங்கவிட்டுத் தரையைத் தொட்டும் தொடாமலும் இழுத்துக்கொண்டு வருவார்; தோணியில் இருந்து துடுப்புப் போடுகிற மாதிரி. முன் பிரேக்கில் விரல் வைப்பதே இல்லை. “அதைத் தொட்டா அண்டைக்குக் கிரியை எனக்குத்தான்.” சிவப்பு விளக்கில் நிற்கும்போது கண்ணாடியில் ஆவி படியாமல் இருக்க மூச்சை அடக்கிக்கொள்வார். சின்ன வயதில் படித்த பிராணாயாமம் லண்டன் சிக்னலில்தான் தனக்குப் பயன்பட்டது என்பது அவருடைய பகிடி.

விழாமலும் இல்லை. ஒரு மாசி மாதம், கண்ணுக்குத் தெரியாத ஐஸில் சறுக்கி முழங்கை வீங்கிப்போய் வந்தார். வண்டிப் பெட்டிக்குள் இருந்த தேங்காய்களில் ஒன்று உடைந்திருந்தது. நான் வேறொன்று வாங்கிவர ஆள் அனுப்பினேன். அவர் முழங்கையைத் தடவியபடி, “களைச்சுப் போனன், மாஸ்டர்” என்றார். நான் மாஸ்டர் இல்லை. மூக்குக்கண்ணாடியும் குறிப்புப் புத்தகமும் வைத்திருப்பவரை எல்லாம் அவர் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார். அந்த முழங்கையோடு கிரியையை முடித்தார். முடிந்ததும் வழக்கம்போல ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் போனார். செத்தவீட்டில் ‘போட்டு வாறன்’, அதாவது போய்வருகிறேன், என்று சொல்லிப் புறப்படுவது எங்களுக்கு வழக்கமில்லை. வாழ்நாள் முழுவதும் செத்தவீடுகளுக்கே போய்வந்தவருக்கு அந்தச் சொல்லே வாயில் இல்லாமல் போய்விட்டது என்று நினைக்கிறேன்.

இனி 2013 தை மாதத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை. என் அக்காவின் மகனுக்குக் கல்யாணம். மண்டபம் குரோய்டனுக்குத் தெற்கே, மேட்டில் இருக்கும் ஒரு பாடசாலை. பெண்ணின் தகப்பன் அப்போது கடும் நோயாளி. மகளைத் தாரைவார்த்துக் கொடுக்க வேண்டும் என்று, ஆஸ்பத்திரியில் அந்த ஒரு நாளுக்கு மட்டும் அனுமதி வாங்கி, சக்கர நாற்காலியில் மண்டபத்துக்கு வந்திருந்தார். பின்னேரம் திரும்பக் கட்டிலுக்குப் போய்விட வேண்டும். முகூர்த்தம் தவறினால் இன்னொரு நாள் பார்க்கலாம் என்று யாரும் வாய்திறக்கவில்லை. இன்னொரு நாளில் அந்த மனிதர் இருப்பாரா என்பதுதான் எல்லாருடைய மனத்திலும் இருந்தது.

டூட்டிங்கிலிருந்து நாங்கள் புறப்பட்டபோது பூப்போலத் தூறிய பனி, மேட்டின் அடிவாரத்துக்கு வந்தபோது அள்ளிக் கொட்டியது. ஏற்றத்தின் நடுவில் ஒரு பஸ் குறுக்கே சறுக்கி நின்றது. அதன் முன்னும் பின்னும் கார்கள் தாறுமாறாகக் கிடந்தன. எங்கள் அலங்காரக் கார் சக்கரம் சுற்றச் சுற்றப் பின்னால்தான் வந்தது. மண்டபத்துக்குத் தொலைபேசி அடித்துச் சொன்னோம். அங்கிருந்து எங்களை ஏற்றப் புறப்பட்ட வான் வாசலிலேயே வழுக்கி மதிலில் சாய்ந்துவிட்டதாம். நடந்து போகிற தூரமும் இல்லை. மாப்பிள்ளை பட்டு வேட்டியும் செருப்புமாக, தலைப்பாவோடு காருக்குள் இருந்தான். வெளியே இறங்கிப் பார்த்த நான் திரும்ப வந்து ஏறிக்கொண்டேன்.

அப்போதுதான் அடிவாரத்திலிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் ஏறி வந்தது. ஓரப் பனியில், மெல்ல மெல்ல, இரண்டு கால்களையும் தொங்கவிட்டபடி.

“ஆரோ பீசாக்காரப் பெடியன் வாறான். மறியுங்கோடா!” என்றார் அக்கா. நாங்கள் அசைவதற்கு முன் அவரே கதவைத் திறந்து இறங்கி, காஞ்சிபுரச் சேலையோடு நடுத்தெருவில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். “ஸ்டொப்! ஸ்டொப்! வெடிங்! மை சன், வெடிங்!”

வண்டி நின்றது. முன் பிரேக்கால் அல்ல; இரண்டு சப்பாத்துகளையும் பனியில் தேய்த்து நின்றது. ஒரு சப்பாத்தின் வாயில் பிளாஸ்டிக் பையின் ஓரம் தெரிந்தது. நான் முகத்தைப் பார்க்க முயன்றேன். கண்ணாடி இறங்கியிருந்தது, அதில் பனி அப்பியிருந்தது. வண்டியின் இலக்கத் தகடும் பனிக்குள்.

நான் இறங்கிப் போய், இடத்தின் பெயரை ஆங்கிலத்தில் சொன்னேன். தலைக்கவசம் ஒருமுறை அசைந்தது. பின் இருக்கையில் கிடந்த பனியைக் கையுறையால் தட்டிவிட்டார்.

“மாமா, எனக்கு ஹெல்மெட்?” என்றான் மாப்பிள்ளை. அவனுக்குச் சிரிப்பும் பயமுமாக இருந்தது.

“தலைப்பாவோடை இரு. உன்னைப் பாத்தா சீக்கியன் எண்டு பொலிஸ் விட்டிடும். ஏறடா!”

அவன் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஏறினான். அப்போது அக்கா கைப்பையைத் திறந்து திருநீற்றுச் சரையை எடுத்தார். மகனுக்குப் பூசினார். பிறகு எட்டி, அந்தத் தலைக்கவசத்தின் நெற்றியிலும் மூன்று விரலால் இழுத்துவிட்டு, “நீ நல்லா இருப்பாய் ராசா. என்ரை பிள்ளையை விழுத்தாமல் கொண்டுபோய்ச் சேர்” என்றார், சுத்தத் தமிழில், பீசாக்காரப் பெடியனிடம்.

தலைக்கவசம் அசையவில்லை. பிறகு வண்டி நகர்ந்து, பஸ்ஸுக்கும் மதிலுக்கும் நடுவே இருந்த இடைவெளியில் நுழைந்து மறைந்தது.

முகூர்த்தம் தவறவில்லை. நாங்கள் நடந்தும் விழுந்தும் போய்ச் சேர்ந்தபோது தாலி கட்டி முடிந்திருந்தது. பெண்ணின் தகப்பன் நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு, தாரைவார்த்த ஈரம் காயாத கையை மடியில் வைத்திருந்தார். வண்டிக்காரரைச் சாப்பிட்டுப் போகும்படி பெண்ணின் தம்பி கையைப் பிடித்து இழுத்தானாம். அவர் தலையை ஆட்டிவிட்டு, ஒரு சொல்லும் சொல்லாமல் திரும்பிப் போய்விட்டாராம்.

“வழியிலை உண்மையாவே ஒரு பொலிஸ் கார் வந்தது மாமா” என்று மருமகன் பிறகு சொன்னான். “என்ரை தலையைப் பாத்திட்டுக் கையைக் காட்டிப் போகச் சொன்னவங்கள். அந்தாள் கதைக்கவே இல்லை. லைட்டிலை நிக்கேக்கை மூச்சு விடுற சத்தம்கூடக் கேக்கேல்லை.”

நான் சாட்சிகளைத் தேடினேன். அது என் வியாதி. அன்று ஐயாவுக்கு ஃபாரஸ்ட் கேட்டில் ஓர் அந்தியேட்டி இருந்தது; முப்பத்தோராம் நாள் கிரியை. அவருடைய வீட்டிலிருந்து அங்கே போகிறவருக்கு இந்த மேட்டில் ஒரு வேலையும் இல்லை, திசையே வேறு. அந்த வீட்டு மகன், “ஐயா நேரத்துக்கு வந்தவர்” என்றார். அந்த வீட்டு மருமகள், “அண்டைக்கு எல்லாம் பிந்தித்தான் நடந்தது” என்றார். பனி நாளில் சப்பாத்துக்குள் பை கட்டுகிறவர்கள் லண்டனில் எத்தனையோ பேர். சிக்னலில் மூச்சை அடக்குகிறவர்களும் அப்படியே.

அவரிடமே ஒருநாள் கேட்டேன். “ஐயா, தை மாசம் அந்த மேட்டிலை...”

அவர் என்னைப் பார்த்தார். தலைக்கவசத்தை மாட்டி, கண்ணாடியை இறக்கி, வண்டியை எடுத்துக்கொண்டு போனார். இதைப் பதிலாக எடுத்துக்கொள்வதா, அவருக்கு நேரமாகிவிட்டது என்று எடுத்துக்கொள்வதா?

அதற்குமேல் நான் கிளறவில்லை. அந்தப் பங்குனியில் பெண்ணின் தகப்பன் காலமானார். கிரியை செய்தவர் ஐயாதான். தன் மகனை ஏற்றிப்போனவர் இன்னார் என்று அக்காவுக்குத் தெரிந்திருந்தால், அந்தச் சாவையும் இந்தக் கல்யாணத்தையும் சேர்த்து முடிச்சுப் போட்டிருப்பார். மருமகளின் வாழ்க்கை அந்த முடிச்சிலேயே போயிருக்கும். பதிலாக, ஒவ்வொரு தையிலும் சாமி அறையில் அக்கா அந்தப் பெயர் தெரியாத பெடியனுக்காக ஒரு கற்பூரம் கொளுத்தினார். “கலியாணம் கட்டியிருப்பானோ தெரியாது” என்று என்னிடம் கேட்பார். “கட்டியிருப்பான் அக்கா” என்பேன்.

2022 மார்கழியில் அக்கா போனார். கடைசி வாரம் ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, “தம்பி, உவரையே கூப்பிடு. வேறை ஆக்கள் ஸ்னோ எண்டால் நாள் மாத்தச் சொல்லுவினம். அவர் வருவார்” என்றார். யார் என்று நான் கேட்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே அப்போதுதான் பனி தொடங்கியிருந்தது.

ஐயா வந்தார். எழுபதைக் கடந்திருந்தார். வண்டியிலிருந்து காலைத் தூக்கி இறங்குவதற்கே நேரம் எடுத்தது. பைகளை உரித்தார், பத்திரிகையை எடுத்தார். அக்காவின் படம் அந்தப் பத்திரிகையில் இருந்தது. அதை மட்டும் மடிக்காமல் மேசையில் வைத்தார். குரல் இறங்கிவிட்டிருந்தது. மருமகன் அவருக்கு முன்னால் வெறும் மேலோடு இருந்து, சொன்னதைச் சொல்லி, காட்டியதைச் செய்தான். கடைசியில் தகனசாலையில் அவனுடைய விரலைப் பிடித்து, எரியூட்டும் பொத்தானில் வைத்து, “அமத்தும் தம்பி” என்றார்.

எல்லாம் முடிந்து நாங்கள் வாசலுக்கு வந்தபோது, அவர் தலைக்கவசத்தோடு வண்டியில் ஏற முயன்றுகொண்டிருந்தார். கால் மேலே வரவில்லை. மருமகன் ஈர வேட்டிக்கு மேல் கோட்டைப் போட்டுக்கொண்டு ஓடிப்போய், காலைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டான். பிறகு, யாரையும் கேட்காமல், தானும் பின் இருக்கையில் ஏறி உட்கார்ந்து, அவருடைய இடுப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டான். ஐயா திரும்பிப் பார்க்கவில்லை. வண்டியை இயக்கவும் இல்லை. இரண்டு கால்களையும் பனியில் ஊன்றி, அவன் இறங்கும்வரை பிடித்துக்கொண்டு நின்றார்.

அவன் வந்ததும் கேட்டேன்: “என்ன, அவரோ?”

“தெரியேல்லை மாமா. அண்டைக்கு இருந்தவர் இவரைவிடப் பெரிய ஆள். ஆனா பத்து வருசத்திலை ஆக்கள் மெலியிறதுதானே.”

“கேட்டனியே?”

“இல்லை. அவர் அழுதவர். அதுக்குப் பிறகு எப்பிடிக் கேக்கிறது?”

ஐயா அடுத்த குளிர்காலத்துக்கு இருக்கவில்லை. கேட்பதற்கு இனி ஆளில்லை. 2013 தை மாதத்தில் என் மருமகனை மண்டபத்துக்கு ஏற்றிச் சென்றவர் அவர்தான் என்பதற்கு என்னிடம் ஆதாரம் எதுவும் இல்லை. உறுதிப்படுத்தப்படாத செய்தியாகவே இதை இங்கே பதிகிறேன்.